நீர்க்கடுப்பு: மைலோ டின்னில் விழுந்த கேள்விகளும் என் பதில்களும்

மலேசியாவில் சுங்கை சிப்புட் பட்டணத்தைச் சுற்றியுள்ள தோட்டங்களில் தாதியாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். பிள்ளைகள் இன்னும் 'மிஸ்ஸி' என்றுதான் கூப்பிடுகிறார்கள். கோயில் மண்டபத்தில் சனிக்கிழமை டியூஷன் முடிந்ததும் படிவம் நான்கு, ஐந்து படிக்கும் பிள்ளைகளையும் வேலைக்குப் போகும் இளம் பெண்களையும் உட்கார வைத்து உடம்பைப் பற்றிப் பேசுவது வழக்கம். "ஏதாவது கேட்கணுமா?" என்றால் எல்லாரும் தரையைப் பார்ப்பார்கள். அதனால் ஒரு காலி மைலோ டின்னின் மூடியில் துளை போட்டு வாசலில் வைத்தேன். பெயர் இல்லாமல் சீட்டு எழுதிப் போடலாம். முதல் வாரமே பாதிக்கு மேல் நீர்க்கடுப்பைப் பற்றித்தான் வந்தது. கையெழுத்து தெரிந்துவிடுமோ என்று இடக்கையால் எழுதிய சீட்டுகூட உண்டு. அவற்றுக்குச் சொன்ன பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

கிளினிக்கில் 'கென்சிங் கோத்தோர்' என்றார்கள். அதுவும் நீர்க்கடுப்பும் ஒன்றா?

சிறுநீர்ப்பாதையில் கிருமி புகுந்து பெருகுவதுதான் சிறுநீர்த் தொற்று. ஒன்றுக்குப் போகும்போது எரியும். போய் வந்து ஐந்து நிமிடம் ஆகவில்லை, மறுபடி முட்டும். போனால் நாலு சொட்டு. அடிவயிறு வலிக்கும். சிறுநீர் கலங்கலாகவோ நாற்றமாகவோ இருக்கும், சில நேரம் இரத்தமும் கலந்து வரும். மலாய்ப் பேச்சுவழக்கில் இதற்குத்தான் கென்சிங் கோத்தோர் என்று பெயர். எனக்கு அந்தப் பெயரே பிடிக்காது. கோத்தோர் என்றால் அழுக்கு. கேட்கிற பெண் 'நான் சுத்தமில்லாதவள்' என்று நினைத்து வாயை மூடிக்கொள்கிறாள்.

நம் ஆட்கள் சொல்லும் நீர்க்கடுப்பு இதைவிட அகலமான சொல். கிருமி இல்லாமல், தண்ணீர் போதாமல் வரும் எரிச்சலையும் அப்படித்தான் சொல்கிறோம். அதைப் பின்னால் சொல்கிறேன். கென்சிங் மானிஸ் என்பது இனிப்புநீர், அதாவது சர்க்கரை நோய். அது வேறு. ஒரு பாட்டி இரண்டையும் குழப்பிக்கொண்டு பேத்திக்கு ஒரு வாரம் சீனியே போடாமல் தே ஓ, அதாவது பாலில்லாத தேநீர், கொடுத்திருக்கிறார்.

நான் தினமும் இரண்டு வேளை குளிக்கிறேன். எனக்கு ஏன் வந்தது?

டின்னில் அதிகம் வந்த கேள்வி இதுதான். குளிப்பதற்கும் இதற்கும் நீங்கள் நினைக்கிற அளவுக்குச் சம்பந்தம் இல்லை. பெண்ணின் உடல் அமைப்பு அப்படி. சிறுநீர்ப்பையிலிருந்து வெளியே வரும் குழாய் பெண்களுக்கு ஏறத்தாழ 4 சென்டிமீட்டர்தான். ஆண்களுக்கு அது 20 சென்டிமீட்டரை ஒட்டி வரும். அந்தச் சின்னக் குழாயின் வாய்க்குப் பக்கத்தில் பிறப்புறுப்பு, அதற்குப் பக்கத்தில் ஆசனவாய்.

இந்தத் தொற்றுகளில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் ஈ. கோலை என்ற கிருமியால் வருகிறது. அது எங்கிருந்தோ வரும் கிருமி அல்ல, நம் குடலிலேயே குடியிருப்பது. குடலில் இருக்கும்வரை பெரும்பாலும் தொல்லை தராது. சிறுநீர்ப்பைக்குள் ஏறினால்தான் சிக்கல். வாழ்நாளில் ஒரு தடவையாவது இது வந்த பெண்கள் ஏறத்தாழ பாதிப் பேர். வகுப்பில் இருபது பேர் உட்கார்ந்திருந்தால் பத்துப் பேர் கதை அது. எல்லாருமா குளிக்காதவர்கள்?

கழுவும்போது எந்தப் பக்கமிருந்து கழுவ வேண்டும்?

முன்னாலிருந்து பின்னால். குடல் கிருமியைக் கையால் நாமே முன்பக்கம் இழுத்து வராமல் இருக்கத்தான் இது. டிஷ்யூவால் துடைத்தாலும் அதே திசைதான்.

நம் ஊர்க் கழிப்பறைகளில் சுவரில் ரப்பர் குழாய் தொங்கும். அதைப் பின்னாலிருந்து முன்னால் வேகமாகப் பீய்ச்சுவதுதான் பலருக்கும் கைப்பழக்கம். தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறதோ அந்தப் பக்கம்தான் அழுக்கும் ஓடும். குழாயை முன்னால் பிடித்து, தண்ணீர் பின்பக்கம் வழிகிற மாதிரி மெதுவாக விடுங்கள். குவளையில் மொண்டு கழுவினாலும் இப்படித்தான். முன்பக்கத்தை முதலில் முடித்துவிட்டு அப்புறம் பின்பக்கம், பின்பக்கம் தொட்ட கை திரும்ப முன்னால் வரக்கூடாது. கழுவியதும் ஒற்றி ஈரம் எடுங்கள். குழாயின் முனை தரையில் கிடந்திருந்தால் முதலில் கொஞ்சம் தண்ணீரைச் சும்மா ஓடவிட்டு, உடம்பில் படாமல் தள்ளிப் பிடியுங்கள்.

உண்மையையும் சொல்லிவிடுகிறேன். துடைக்கும் திசையை மாற்றினால் தொற்று இவ்வளவு குறையும் என்று ஆராய்ச்சிகள் உறுதியாகக் காட்டிவிடவில்லை. ஆனாலும் செலவில்லாத பழக்கம், காரணமும் நியாயமானது. அதனால்தான் தாதிகள் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறோம். வீட்டில் தங்கச்சி இருந்தால் மூன்று நான்கு வயதிலேயே பழக்கிவிடுங்கள். பெரியவளான பிறகு கையை மாற்றுவது கஷ்டம்.

பார்மசியில் பெண்களுக்கென்றே வாசனைத் திரவம் விற்கிறார்களே, அது போட்டால் வராதா?

காசை மிச்சப்படுத்துங்கள். பிறப்புறுப்பின் உள்ளே லாக்டோபாசில்லஸ் என்ற நல்ல கிருமிகள் இருக்கின்றன. அவை அந்த இடத்தை இலேசான புளிப்புத் தன்மையில் வைத்துக் கெட்ட கிருமி தங்கவிடாமல் காவல் காக்கின்றன. தயிர் புளித்திருந்தால் வேறு கிருமி எளிதில் வளராது, அந்த மாதிரிதான். வாசனை சோப்பும் கிருமிநாசினியும் ஊற்றிக் கழுவினால் அந்தக் காவல் போய்விடும். தோலும் எரியும். அந்த எரிச்சலைத் தொற்று என்று நினைத்து இன்னும் அதிகமாகக் கழுவுவார்கள், இன்னும் எரியும்.

வெளிப்பக்கத்துக்கு வெறும் தண்ணீர் போதும். சோப்பு வேண்டுமென்றால் வாசனையில்லாதது, அதுவும் வெளியே மட்டும். உள்ளே விரல் விட்டோ தண்ணீர் பீய்ச்சியோ கழுவவே வேண்டாம், உள்பக்கம் தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ளும். வெற்றிலைச் சாறு, மஞ்சள் தண்ணீர், படிகாரம் எல்லாவற்றுக்கும் இதே பதில்தான். "எங்க பாட்டி காலத்திலிருந்து" என்று ஒரு சீட்டில் எழுதியிருந்தது. பாட்டி மேல் எனக்கும் மரியாதை உண்டு.

பள்ளிக் கழிப்பறைக்குப் போகவே பிடிக்கவில்லை. வீட்டுக்கு வரும்வரை அடக்கிக்கொள்கிறேன். தப்பா?

இந்தச் சீட்டைப் படித்தபோது எனக்குக் கோபம் வந்தது, எழுதிய பிள்ளை மேல் அல்ல. கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது, வாளியில் தண்ணீர் இல்லை, குப்பைத்தொட்டி இல்லை. இப்படி ஒரு கழிப்பறையை நான் நேரில் பார்த்திருக்கிறேன். அங்கே போகாதே என்று உடம்பு சொல்வதில் ஆச்சரியம் இல்லை.

ஆனால் அடக்குகிற பிள்ளைகள் அதோடு நிறுத்துவதில்லை. போகவே தேவைப்படக்கூடாது என்று தண்ணீர் குடிப்பதையும் விட்டுவிடுகிறார்கள். காலை ஐந்தரைக்கு எழுந்து, பசியாறாமல் பள்ளி பஸ் ஏறி, இடைவேளையில் நாசி லெமாக்கோடு கலர் தண்ணீர் ஒரு கோப்பை, அப்புறம் வீடு திரும்பி மூன்று மணிக்குத்தான் தண்ணீர். சிறுநீர் ஓடுவதே உடம்பின் கழுவும் வேலை. உள்ளே ஏறப் பார்க்கும் கிருமியை அடித்து வெளியே தள்ளுவது அதுதான். தண்ணீரும் இல்லை, வெளியேற்றமும் இல்லை என்றால் கிருமி நிதானமாகப் பெருகும்.

தண்ணீர் விஷயத்தில் நல்ல ஆதாரம் இருக்கிறது. அடிக்கடி தொற்று வந்து, நாளுக்கு ஒன்றரை லிட்டருக்கும் குறைவாகக் குடித்துக்கொண்டிருந்த 140 பெண்களை வைத்துச் செய்த ஆய்வு 2018-இல் வெளியானது. பாதிப் பேர் வழக்கத்தைவிட ஒன்றரை லிட்டர் கூடுதலாகத் தண்ணீர் குடித்தார்கள், மற்றவர்கள் பழையபடி இருந்தார்கள். ஓர் ஆண்டில் பழையபடி இருந்தவர்களுக்குச் சராசரியாக 3.2 தடவை தொற்று வந்தது, கூடுதலாகக் குடித்தவர்களுக்கு 1.7 தடவை. மருந்து இல்லை, மாத்திரை இல்லை, பச்சைத் தண்ணீர்.

அதனால் நான் சொல்வது: ஒரு லிட்டர் பாட்டில் ஒன்றைப் பள்ளிக்குக் கொண்டுபோய்க் காலி செய்துவிட்டுத்தான் திரும்ப வேண்டும். மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒரு தடவை போய் வாருங்கள். தோழியைக் கூட்டிப்போய்க் கதவைப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். பையில் டிஷ்யூவும் சின்ன பாட்டிலில் தண்ணீரும் வைத்திருங்கள். உங்களுக்குப் போதுமான தண்ணீர் போகிறதா என்று சிறுநீரின் நிறமே சொல்லும். வெளிர் மஞ்சள் என்றால் சரி, தே ஓ மாதிரி இருந்தால் உடனே குடிக்க வேண்டும். விட்டமின் மாத்திரை சாப்பிட்டால் நிறம் மாறும், அதைக் கணக்கில் எடுக்காதீர்கள்.

அம்மாக்களுக்கும் ஒரு வார்த்தை. பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் வர்ணம் அடிப்பதைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுகிறோம். தாழ்ப்பாளைப் பற்றி யாராவது ஒருவர் கேளுங்கள்.

தோட்டத்தில் வேலை. வெளிக்காட்டில் எங்கே போவது?

செம்பனைக் காட்டில் புல்லுக்கு மருந்து அடிக்கும் அக்கா ஒருவர் எழுதியது என்று நினைக்கிறேன். பால்மரம் சீவுகிறவர்களுக்காவது பதினொன்று, பன்னிரண்டுக்கு வேலை முடிந்துவிடும். மருந்து அடிப்பவர்களுக்கு வெயிலிலேயே பொழுது போகிறது. அவர்களுக்குத் தண்ணீரும் மற்றவர்களைவிட அதிகம் வேண்டும்.

நீங்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. மற்றவர்கள் ஒன்றுக்குப் போய் வந்த பிறகு கை கழுவினால் போதும், மருந்து அடிப்பவர்கள் போவதற்கு முன்பே கழுவ வேண்டும். பாராகுவாட் என்ற களைக்கொல்லியை 2020 தொடக்கத்திலிருந்து நம் நாட்டில் தடை செய்துவிட்டார்கள். ஆனாலும் மற்ற களைக்கொல்லிகளும் மென்மையான தோலில் பட்டால் எரிக்கும். கையுறையைக் கழற்றி, சோப்புப் போட்டுக் கழுவி, அப்புறம் போங்கள். கழுவும் தண்ணீரைத் தனிப் புட்டியில் வைத்துக்கொள்ளுங்கள். மருந்து வந்த புட்டி வேண்டவே வேண்டாம்.

பொதுக் கழிப்பறையில் உட்கார்ந்தால் ஒட்டிக்கொள்ளுமா?

ஒட்டாது. உட்காரும் வட்டத்திலிருந்து கிருமி தாவி ஏறுவதில்லை. அதற்குப் பயந்து பாதி உட்கார்ந்த நிலையில் தொடையை இறுக்கிக்கொண்டு போவதுதான் நல்லதல்ல. தசை தளராமல் சிறுநீர் முழுதாக வெளியேறாமல் போகலாம். குந்தும் கழிப்பறை என்றால் நன்றாகக் குந்துங்கள், உட்காரும் கழிப்பறை என்றால் துடைத்துவிட்டு நன்றாக உட்காருங்கள். அவசரப்படாமல் முழுதும் போன பிறகு எழுங்கள்.

மாதவிலக்கு நாட்களில் பேட் எத்தனை மணி நேரத்துக்கு ஒரு தடவை மாற்றுவது?

நான்கிலிருந்து ஆறு மணி நேரத்துக்குள். இரத்தப்போக்கு குறைவாக இருந்தாலும் மாற்றுங்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில் ஈரம் தேங்கினால் தோல் புண்ணாகும், நாற்றம் வரும். பன்னிரண்டு மணி நேர ஷிப்டில் ஒரே பேட்டோடு இருந்துவிட்டு வருகிற ஃபேக்டரிப் பிள்ளைகளை எனக்குத் தெரியும். துணி பயன்படுத்துகிறவர்கள் சோப்புப் போட்டுத் துவைத்து வெயிலில் காயப் போடுங்கள். மற்றவர் கண்ணில் படக்கூடாதென்று பாயின் அடியில் ஒளித்துக் காயவைப்பதுதான் கெடுதல்.

உள்ளாடை, ஜீன்ஸ்?

பருத்தி, நாளுக்கு ஒன்று. வியர்த்தால் இன்னொன்று. பிடிக்கிற ஜீன்ஸை நாள் முழுக்கப் போடாதீர்கள். இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

கல்யாணமாகி இரண்டு மாதத்தில் மூன்று தடவை வந்துவிட்டது. மாமியார் ஒரு மாதிரிப் பார்க்கிறார்.

தங்கச்சி, இது ஒழுக்கம் சம்பந்தப்பட்ட நோய் அல்ல, பால்வினை நோயும் அல்ல. இளம் பெண்களுக்கு இந்தத் தொற்று வருவதற்குப் பெரிய காரணமே உடலுறவுதான். அந்த நேரத்தில் பக்கத்திலுள்ள கிருமிகள் குழாய்க்குள் தள்ளப்படுகின்றன. புதிதாகக் கல்யாணமானவர்களுக்கு அடிக்கடி வருவதால் வெளிநாட்டில் தேனிலவின் பெயரையே இதற்கு வைத்துவிட்டார்கள்.

உறவு முடிந்ததும் எழுந்து ஒன்றுக்குப் போய்விடுங்கள், வெளிப்பக்கத்தைத் தண்ணீரால் கழுவிக்கொள்ளுங்கள். கணவரும் கை கழுவிச் சுத்தமாக இருக்க வேண்டும். விந்தணுவைக் கொல்லும் மருந்து தடவிய ஆணுறையும் களிம்பும் இந்தத் தொற்றை அதிகமாக்கும், அப்படி ஏதாவது பயன்படுத்தினால் டாக்டரிடம் சொல்லி வேறு முறைக்கு மாறுங்கள். மூன்று தடவை என்பது டாக்டர் கட்டாயம் பார்க்க வேண்டிய எண்ணிக்கை. கணவரை உடன் கூட்டிப் போங்கள். மாமியாருக்கு அவரே விளக்கட்டும்.

இது உடம்புச் சூடுதானே? பார்லித் தண்ணீர், இளநீர் குடித்தால் போகாதா?

வெயிலில் அலைந்து தண்ணீர் குறைந்தால் சிறுநீர் கெட்டியாகிப் போகும்போது எரியும். அதில் கிருமி இருக்காது. இதைத்தான் நம் பெரியவர்கள் சூடு பிடித்துவிட்டது என்றார்கள். பார்லி, இளநீர், மோர் எது குடித்தாலும் அரை நாளில் சரியாகிவிடும், ஏனென்றால் அதற்கு வேண்டியது நீர்தான். தொப்புளில் விளக்கெண்ணெய் வைத்தால் குளுகுளுவென்று இருக்கும், அவ்வளவுதான்.

நன்றாகத் தண்ணீர் குடித்து ஒரு நாள் ஆகியும் எரிச்சல் நிற்கவில்லை, அல்லது முட்டிக்கொண்டே இருக்கிறது, கலங்கல், இரத்தம் என்றால் அது சூடு அல்ல. பார்லி கிருமியைக் கொல்லாது. கடையில் விற்கும் பார்லியிலும் சிராப்பிலும் சீனிதான் அதிகம்.

கிரான்பெரியைப் பற்றியும் ஒரு சீட்டு. அடிக்கடி தொற்று வருகிற பெண்களுக்கு அது மறுபடி வருவதை ஏறத்தாழ கால் பங்கு குறைக்கிறது என்று 2023-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்துச் சொன்னார்கள். வராமல் தடுக்கக் கொஞ்சம் உதவலாம், வந்ததைக் குணமாக்காது. விலையைப் பார்த்தால் நான் பச்சைத் தண்ணீர் பக்கம்தான்.

அரிப்பும் வெள்ளைப்படுதலும் இருக்கிறது. அதுவும் இதுதானா?

அநேகமாக இல்லை. அரிப்போடு தயிர்த் திப்பி மாதிரி வெள்ளை பட்டால் அது பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். மருந்து வேறு. அக்காவின் பழைய மாத்திரையை விழுங்காதீர்கள். ஆன்டிபயாடிக் பூஞ்சையை இன்னும் கிளப்பிவிடும்.

கிளினிக்கில் என்ன செய்வார்கள்? எவ்வளவு ஆகும்?

அரசாங்கக் கிளினிக் கெசிஹாத்தானில் குடிமக்களுக்கு வெளிநோயாளர் கட்டணம் 1 ரிங்கிட். சின்னப் புட்டி தந்து சிறுநீர் கேட்பார்கள். முதலில் கழுவிக்கொண்டு, முதலில் வருவதைக் கழிப்பறையில் விட்டுவிட்டு, நடுவில் வருவதைப் புட்டியில் பிடியுங்கள். முதலில் வருவதைப் பிடித்தால் தோலில் இருக்கும் கிருமியும் சேர்ந்து முடிவைக் குழப்பும். ஒரு பட்டையை அதில் நனைத்துச் சில நிமிடத்தில் பார்ப்பார்கள். தேவைப்பட்டால் கிருமியை வளர்த்துப் பார்க்க அனுப்புவார்கள், அந்த முடிவுக்கு இரண்டு மூன்று நாள் ஆகும்.

மாத்திரை தந்தால் சொன்ன நாள்வரை சாப்பிடுங்கள். மூன்று, ஐந்து, ஏழு நாள் என்று மருந்துக்கு மருந்து மாறும். இரண்டாம் நாளே எரிச்சல் நின்றுவிடும், மிச்சத்தை அடுத்த தடவைக்கு என்று அலமாரியில் வைப்பார்கள். பாதியில் தப்பிய கிருமி திரும்ப வரும்போது அதே மருந்து அதைத் தொடாமல் போகலாம். நம் நாட்டில் ஆன்டிபயாடிக்கை டாக்டர் சீட்டு இல்லாமல் பார்மசியில் விற்கக்கூடாது, அதற்குக் காரணம் இருக்கிறது. தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் சிட்ரேட் பொடி எரிச்சலை அடக்கும், கிருமியை அல்ல. சில ஆன்டிபயாடிக்கோடு அது ஒத்துப்போகாது, கேட்டுவிட்டுக் குடியுங்கள்.

எப்போது பயப்பட வேண்டும்?

காய்ச்சல், குளிர் நடுக்கம், வாந்தி, முதுகில் விலாவுக்குக் கீழே ஒரு பக்கமாக வலி. இவை வந்தால் கிருமி சிறுநீரகம்வரை ஏறிவிட்டது என்று எடுத்துக்கொள்ளுங்கள். திங்கட்கிழமைவரை காத்திருக்காமல் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள்.

கர்ப்பிணிகளுக்கு எரிச்சல் இலேசாக இருந்தாலும் அன்றைக்கே. கர்ப்பகாலத்தில் எந்த அறிகுறியும் இல்லாமலே சிறுநீரில் கிருமி இருக்கலாம், கவனிக்காமல் விட்டால் சிறுநீரகத்துக்கு ஏறும், குறைமாதப் பிரசவத்துக்கும் இடமாகும். தாய் சேய் கிளினிக்கில் புட்டியை நீட்டும்போது "நேற்றுத்தான் வீட்டில் பார்த்தேனே, ஒன்றும் இல்லை" என்று சிரித்துவிட்டுப் போகிறவர்கள் இதைக் கவனியுங்கள்.

எனக்கு அடிக்கடி வருகிறது. ஏன்?

ஆறு மாதத்தில் இரண்டு, ஆண்டில் மூன்று என்று வந்தால் காரணம் தேட வேண்டும். மலச்சிக்கல் ஒரு காரணம், அதை யாரும் சொல்லிக்கொள்வதில்லை. சிறுநீர்க் கல் ஒன்று. அப்புறம் சர்க்கரை. 2023-இல் எடுத்த தேசியச் சுகாதாரக் கணக்கெடுப்பில் மலேசியாவில் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் இருந்தது. அதாவது ஆறு பேரில் ஒருவர். நம் இந்தியக் குடும்பங்களில் இது இன்னும் அதிகம். அம்மாவுக்கோ அப்பாவுக்கோ இருந்தால், வயது இருபதாக இருந்தாலும் விரல் நுனியில் ஒரு குத்துக் குத்திப் பார்த்துவிடுங்கள்.

கிளினிக் கவுண்டரில் ஆண் இருக்கிறார். எப்படிச் சொல்வது?

இதை ஆறு பேர் கேட்டிருந்தார்கள். பெண் தாதியோடு பேச வேண்டும் என்று கேட்கலாம், தப்பில்லை. பதினெட்டு வயதுக்குள் என்றால் அம்மாவையோ அத்தையையோ கூட்டிப் போங்கள். நோயின் பெயர் சொல்லத் தேவையில்லை. 'சாக்கிட் வக்து புவாங் ஆயெர் கெச்சில்', அதாவது ஒன்றுக்குப் போகும்போது வலிக்கிறது என்றால் போதும், மீதியை உள்ளே டாக்டரிடம் சொல்லிக்கொள்ளலாம். வாய் வரவில்லையா, அதையே சீட்டில் எழுதி நீட்டுங்கள். டின்னில் போட்ட மாதிரிதான்.